பத்துக்கு ஒன்பதரை போட்ட அத்தியாயம்

“ஒண்ணும் பயமா இல்லை டீச்சர்” என்றாள் கோபிகா.

புதன்கிழமை கடைசிப் பாடவேளை. ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நூலக வகுப்பு. வெளியே முந்திரி பூத்திருந்த மாதம். ஜன்னலைத் திறந்து வைத்தால் அந்த வாசனையிலேயே பாதி வகுப்பு சொக்கி விழும். அன்று ஒருத்தரும் சொக்கவில்லை. நான் கொடுத்த நாவலைப் பற்றிப் பேச்சு சூடாக ஓடிக்கொண்டிருந்தது. எந்த இடம் உங்களைப் பயமுறுத்தியது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஓரமாக இருந்தவள் எழுந்து இப்படிச் சொன்னாள்.

“ஏம்மா, கதை புடிக்கலையா?”

“புடிச்சிருக்கு டீச்சர். ரெண்டு தடவை படிச்சேன். பயமா இல்லைன்னுதான் சொன்னேன்.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இந்தத் தொடரில் இதுவரை சிரிக்கச் சிரிக்கத்தான் எழுதி வந்திருக்கிறேன். மாறுதல் கவுன்சிலிங்கில் நான் அழுததைப் போன வாரம் எழுதினால் அதற்கும் விழுந்து விழுந்து சிரித்ததாகச் சொல்கிறீர்கள். இந்த வாரம் மன்னியுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறேன். அதில் பாதி என் மேல்.

உப்பு நகரத்துச் சாவி

எனக்கு வீடு திருவரங்குளம். வேலை, கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில். தமிழாசிரியை. நூலகப் பொறுப்பும் என் தலையில்தான். நூலகம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், இரண்டு பீரோ. அதிலும் ஒன்றின் சாவி எனக்கு முன்னால் இருந்தவரோடு ரிட்டையர் ஆகிவிட்டது.

புதுக்கோட்டைப் புத்தகக் கண்காட்சியில் அந்த நாவலை வாங்கினேன். மொழிபெயர்ப்பு. இளவட்டங்களுக்கு எழுதியது. ஐந்து பிரதி. உலகம் கெட்டுக் குட்டிச்சுவரான பிறகு எப்படி இருக்கும் என்று சொல்கிற கதைகளை டிஸ்டோப்பியா என்கிறார்கள். அந்த வகை.

கடல் வற்றிப்போன காலம். கடல் கிடந்த இடத்தில் ஓர் உப்பு நகரம். பதினாறு வயது நிறைந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாள் குறித்து ஒரு சாவி கொடுப்பார்கள். அதற்குச் சாவி நாள் என்று பெயர். அந்தச் சாவி ஊரில் ஒரே ஒரு கதவைத்தான் திறக்கும். கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்களோ அவர்களோடுதான் சாகும்வரை. முடிவு செய்வது ‘மேலிடம்’. மேலிடத்தை எவரும் பார்த்ததில்லை. கதாநாயகி சாவியை உப்புக்குள் புதைத்துவிட்டு மதிலேறி ஓடுகிறாள்.

பிள்ளைகள் அதைப் படித்த வேகம் இருக்கிறதே! ஐந்து பிரதியும் முப்பத்துநாலு பேர் கையில் புரண்டு, ஒரு மாதத்தில் அட்டை கழன்று, சைக்கிள் டியூப் ரப்பர் போட்டுக் கட்டிய நிலைக்கு வந்துவிட்டது. பாடப்புத்தகத்துக்கு அப்படி ஒரு நிலை வந்து நான் பார்த்ததில்லை.

“உப்பு நகரத்துல நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணி விடுறாங்களாம் டீச்சர். எங்க தெருவுக்கு வாரத்துக்கு ஒருக்காதான்” என்றான் ஒருவன்.

“எங்கிட்டுப் பாத்தாலும் கேமரான்னு எழுதியிருக்கு. நம்ம ஸ்கூல்லயும்தான் இருக்கு. ஆனா வேலை செய்யாது” என்றான் இன்னொருவன்.

பையன்களுக்கு மதிலேறும் இடம் பிடித்திருந்தது. அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தார்கள். பெண் பிள்ளைகள் மதிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. எல்லாரும் சாவி நாளைப் பற்றித்தான் கேட்டார்கள். அவளுக்கு எத்தனை நாள் முன்னாடி சொன்னாங்க, அவ அம்மா ஏன் ஒண்ணும் பேசலை, புதைச்ச சாவியைத் தோண்டி எடுத்துக் குடுத்தது யாரு. எனக்கு அந்த வித்தியாசம் கண்ணில் பட்டது. கண்ணில் பட்டதோடு சரி.

மைக் முன்னால் பேசியவர்

கோபிகா விஷயமெல்லாம் நடந்து முடிந்த பிறகு, சில மாதங்களுக்கு முன் டவுனில் ஒரு கருத்தரங்கம். ‘இளையோரும் டிஸ்டோப்பியாவும்’ என்று தலைப்பு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசிய பெரிய மனிதர், வெளுத்த சட்டை மடிப்புக் கலையாமல், “கிராமத்துப் பிள்ளைங்களுக்கு இந்த வகை ஒட்டாது. நகரம், கண்காணிப்பு, அதிகாரம் இதெல்லாம் அவங்க அனுபவத்துல இல்லை. அவங்களுக்கு இது வெறும் த்ரில்” என்றார். முன்வரிசை தலையாட்டியது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அனுபவத்தில் இல்லையாம். ஒரு பெண் பிள்ளை எந்த பஸ்ஸில் ஏறினாள், பக்கத்து சீட்டில் யார் இருந்தார்கள், எந்த ஸ்டாப்பில் இறங்கி யாரிடம் சிரித்தாள் என்பது அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிற ஊர் எங்களுடையது. கேமரா வேலை செய்யாவிட்டால் என்ன?

எழுதிவைத்த கட்டுரையைத் தூக்கி வைத்துவிட்டுக் கோபிகாவின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே ‘நேரம் முடிந்தது’ என்று சீட்டு வந்துவிட்டது. சொல்லாமல் விட்ட பாதியையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

சிவப்பு மை

நாவல் முடிந்த கையோடு பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ‘சாவி நாள் நம் ஊரில் நடந்தால் எப்படி இருக்கும்? நாவலுக்கு ஓர் அத்தியாயம் எழுதுங்கள். பத்து மதிப்பெண்.’

எழுதிக் கொடுத்தார்கள். பாதிப் பேர் மதிலைத் தாண்டினார்கள். ஒருவன் மேலிடத்தையே குண்டு வைத்துத் தகர்த்துவிட்டான். கோபிகாவின் அத்தியாயம் நாலு பக்கம். அதிலிருந்து கொஞ்சம்:

‘சனிக்கிழமை மேலிடத்து ஆட்கள் ஏழு பேர் வந்தார்கள். தட்டு கொண்டுவந்தார்கள். அவள் தலையில் பூ வைத்தார்கள். பிறகு கை நனைத்துவிட்டுப் போனார்கள். கை நனைத்த பிறகு பேச்சு மாறக்கூடாது என்பது நகரத்தின் சட்டம். அவளுடைய கதவு தூரதேசத்தில் இருக்கிறது. கதவுக்கு உரியவனுக்கு வைகாசியில் நாற்பது நாள் விடுமுறை. அந்த நாற்பது நாளுக்குள் அவளைக் கொடுத்து முடிக்க வேண்டும்.’

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் சம்பந்தம் பேச வருகிறவர்கள், பேச்சு முடியாமல் பெண் வீட்டில் சாப்பிடமாட்டார்கள். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டார்கள் என்றால் கல்யாணம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாதா? நானே அப்படிக் கை நனைத்து முடிவு செய்யப்பட்டவள்தான்.

தெரிந்திருந்தும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘கை நனைத்துவிட்டு’ என்பதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். ஓரத்தில் எழுதினேன்: ‘நம் ஊர் வழக்கத்தைக் கற்பனையில் பொருத்திய விதம் அருமை!’ ஆச்சரியக்குறி வேறு.

அத்தியாயம் இப்படி முடிந்திருந்தது: ‘நகரத்தில் புத்தகங்களைக் காவல் காக்கும் ஓர் அம்மா இருந்தார். நல்லவர், ஆனால் அவசரக்காரர். அவள் ஒரு கடிதம் எழுதி அவரிடம் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.’

அவசரக்காரர் என்றதும் என்னைத்தான் கிண்டல் செய்கிறாள் என்று சிரித்துக்கொண்டேன். அது மட்டும் புரிந்தது எனக்கு. ‘முடிவு தெளிவாக இல்லை’ என்று அரை மதிப்பெண் குறைத்து, ஒன்பதரை போட்டேன்.

அதோடு விட்டேனா? அடுத்த புதன்கிழமை நாலு பக்கத்தையும் வகுப்பில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினேன். கோபிகாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அபிநயா, அவளுடைய தெருக்காரி, டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எழுத்தின் வலிமை என்று நினைத்துப் பூரித்துப் போனேன்.

“கோபிகா, அந்தம்மா கடிதத்தைப் படிச்சுட்டு என்ன செஞ்சாங்க?”

அவள் எழுந்து நின்றாள். டெஸ்க்கின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: “தெரியலை டீச்சர். அவங்கதான் சொல்லணும்.”

“பாத்தீங்களா? இதுக்குப் பேருதான் திறந்த முடிவு. வாசகரே முடிவு பண்ணிக்கணும்” என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பாடம் நடத்தினேன். ஒரு பிள்ளை கழுத்துவரை தண்ணீரில் நின்றுகொண்டு கையை நீட்டியிருக்கிறது. நான் அந்தக் கைக்கு மார்க் போட்டிருக்கிறேன்.

யூனிஃபார்மோடு போன கல்யாணம்

இப்போது கோபப்படுகிறேனே, ஒரு காலத்தில் இதெல்லாம் எனக்குக் கோபமே வராத விஷயம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது எங்கள் வகுப்பில் கணக்கில் முதல் மார்க் எடுக்கிறவள் ஒருத்தி. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவில்லை. கல்யாணம். நாங்கள் எட்டுப் பேர் காலையில் பள்ளியிலிருந்து யூனிஃபார்மோடு போனோம். கணக்கு டீச்சரும் வந்தார். இலை போட்டார்கள். அவள் மணவறையில் இருந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். கேசரியில் முந்திரி அதிகம் என்று பேசிக்கொண்டே வந்தோம். வந்து மதியம் கணக்குப் பரீட்சை எழுதினோம். அதில் நான் முதல் மார்க்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைவிட அசிங்கமாக என்னைப் பற்றி எழுத எனக்கு வேறு ஒன்றும் கிடைக்காது.

அப்போது நான் படித்த தொடர்கதைகளிலும் கடைசி வாரத்தில் கல்யாணம்தான் நடக்கும். அதை மகிழ்ச்சியான முடிவு என்றுதான் நாங்கள் நம்பினோம். இன்றைய பிள்ளைகள் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, அவளைக் கேட்டாங்களா என்கிறார்கள். கேட்கிற பிள்ளைகளைத்தான் கெட்டுப்போனார்கள் என்கிறார்கள் பெரியவர்கள்.

‘எங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டினீங்க’

ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை. ஒரு நாள் காலையில் அபிநயா போன் செய்தாள்.

“டீச்சர், கோபிகாவுக்கு வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம்.”

“என்னடி சொல்றே? அவளுக்குப் பதினேழுகூட முடியலையே!”

“அவுங்க அத்தை மகன். சிங்கப்பூர்லேருந்து லீவுல வந்திருக்காரு.”

“இதை ஏன்டி முன்னாடியே என்கிட்டச் சொல்லலை?” என்று கத்தினேன்.

“அவ ஒங்ககிட்ட எழுதிக் குடுத்தாளே டீச்சர். நீங்கதானே எங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டினீங்க” என்றாள்.

போனை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். புடவை மாற்றவில்லை. கட்டியிருந்ததோடு பஸ் ஏறினேன்.

நாற்பது நாள் லீவு

கோபிகாவின் அப்பா கணேசன் முந்திரித் தோப்பு வைத்திருக்கிறவர். வாசலில் பந்தல் கால்கள் இறக்கிக் கிடந்தன. என்னைக் கண்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

“வாங்க டீச்சர், உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்களே” என்று ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். கோபிகா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“பதினெட்டு ஆகாத பிள்ளைக்குக் கல்யாணம் பண்றது தப்புங்க. சட்டப்படி குத்தம்” என்றேன் எடுத்த எடுப்பில்.

“தெரியும் டீச்சர். அசலாருன்னா நானே யோசிப்பேன். எங்க அக்கா மகன். வல்லத்திராக்கோட்டையிலதான் வீடு. பயலுக்கு நாப்பது நாள்தான் லீவு. இதை விட்டா ரெண்டு வருசம் கழிச்சுத்தான் வருவான். அதுவரைக்கும் அங்கிட்டு வேற பொண்ணு பாத்துருவாங்க. அம்புட்டுப் பேரும் வந்து கை நனைச்சுட்டுப் போயிட்டாங்க டீச்சர்.”

“கோபிகாவைக் கேட்டீங்களா?”

அவர் நிஜமாகவே புரியாமல் என்னைப் பார்த்தார். “எம்பொண்ணுக்கு நான் கெட்டது செய்வேனா டீச்சர்?”

இப்படிக் கேட்கிறவர்களிடம் என்ன பேசுவது? குடித்துவிட்டு அடிக்கிறவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபம். இவர் பெண்ணை ஒரு நாள்கூட அடித்ததில்லை. ஊரே சொல்லும். அந்த நல்ல மனிதரைப் பார்த்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். இரண்டு வருஷம் காத்திருக்க முடியாத மாப்பிள்ளை உங்களுக்கு எதற்கு என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் அவள் எழுதியதைப் படித்தீர்களா என்று கேட்டேன். கேட்கிறபோதே நாக்கு கூசியது. நான் மட்டும் படித்தேனா?

“கோவப்படாதீங்க டீச்சர். சாப்புட்டுட்டுப் போங்க” என்றார் கடைசியில்.

“உங்க வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்” என்று எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்றே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். என் பெயர், பள்ளி, பதவி எல்லாம் சொன்னேன். பெயர் சொல்ல வேண்டியதில்லை என்றார்கள். இருக்கட்டும், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். மறுநாள் அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். பதினெட்டு முடியும்வரை கல்யாணம் செய்யமாட்டேன், படிப்பை நிறுத்தமாட்டேன் என்று கணேசனிடம் எழுதி வாங்கினார்கள். பந்தல் கால்கள் வந்த வண்டியிலேயே திரும்பிப் போயின.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் எச்.எம். சார் கூப்பிட்டுவிட்டார்.

“நமக்கு எதுக்கு மேடம் வேண்டாத வேலை? அட்மிஷன் நேரம். ஸ்கூல் டீச்சரே போலீசக் கூட்டியாந்துட்டாங்கன்னு ஊருக்குள்ள பேசுறாங்க. மொதல்ல அந்த நாவலைக் கொண்டாந்து எங்கிட்டக் குடுங்க. அதுதான் பிள்ளையளக் கெடுக்குது.”

“எந்தப் பிள்ளையைச் சார் கெடுத்துச்சு? ஒருத்தியைச் சொல்லுங்க” என்றேன். ஐந்து பிரதியையும் வாங்கி அவருடைய மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். ஒரு பக்கம்கூடப் புரட்டிப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு ஊரெல்லாம் பத்திரிகை போனபோது ஒருவருக்கும் வாய் வரவில்லை. புத்தகத்துக்கு மட்டும் உடனே பூட்டு வந்துவிட்டது.

மேலிடம் இல்லாத வீடு

பள்ளி திறந்த அன்று கோபிகா ப்ளஸ் டூ வகுப்பில் வந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவள் நூலக வகுப்பில் புத்தகமே எடுக்கவில்லை. இரண்டு வாரம் பார்த்தேன். மூன்றாவது வாரம் வகுப்பு கலைந்ததும் நிறுத்திவைத்தேன்.

“எங்கிட்டக் கோவமா? நீ எழுதுனது எனக்குப் புரியாமப் போச்சும்மா. என்னை மன்னிச்சிரு.”

“அதெல்லாம் இல்லை டீச்சர். நீங்க வரலைன்னா நடந்திருக்கும்.”

எனக்குத் தெம்பு வந்துவிட்டது. ஆசிரியப் புத்தி எங்கே போகும்? “அந்தக் கதாநாயகி மாதிரியே நீயும் மதிலைத் தாண்டிட்டே பாத்தியா!” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வயதுப் பிள்ளையின் பார்வை இல்லை அது.

“அவளும் நானும் ஒண்ணு இல்லை டீச்சர். அவளுக்கு மேலிடம். கண்ணால பாத்ததுகூட இல்லை. வெறுத்துட்டு ஓடிறலாம். எனக்கு எங்கப்பா. எனக்குக் காய்ச்சல்னா விடிய விடிய உக்காந்திருப்பாரு. ஆபீசருங்க எழுதி வாங்கயில அவரால பேனா மூடியக்கூடக் கழட்ட முடியலை. நான்தான் கழட்டிக் குடுத்தேன்.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “அன்னையிலேருந்து எங்கிட்டப் பேசுறதில்லை டீச்சர்.”

நான் படித்த எந்தத் திறனாய்வும் அந்த நாவலைப் பற்றி இவ்வளவு சொன்னதில்லை. எழுதியவருக்கே இது தோன்றியிருக்காது. அதிகாரத்துக்கு ஒரு மேலிடமும் மதிலும் வைத்துவிட்டால் கதைக்குச் சௌகரியம். நம் ஊரில் அது ஃபேனைத் திருப்பி வைத்து, வெயில்ல வந்திருக்கீங்களே என்கிறது.

அன்று சாயங்காலம் கேட் வரை அவளோடு நடந்தேன். கணேசன் வண்டியோடு நின்றிருந்தார். கல்யாணம் நின்ற பிறகு அவளை பஸ்ஸில் விடுவதில்லை. காலையில் அவரே கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் அவரே கூட்டிப்போகிறார். என்னைப் பார்த்ததும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மகளிடமும் ஒரு வார்த்தை இல்லை. அவள் பையைக் கையை நீட்டி வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டார். பிறகு வண்டியை விட்டு இறங்கி, குனிந்து, அவள் கால் வைக்கிற கம்பியைக் கையால் இறக்கிவிட்டு, அதில் இருந்த சேற்றைத் தன் தோள் துண்டால் துடைத்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள். அவர் வண்டியைக் கிளப்பினார்.

அடப்பாவி மனுஷா, ஒரு வார்த்தை பேசினால்தான் என்ன என்று அங்கேயே கத்திவிடலாம் போல ஆத்திரம் பொங்கியது. கத்தவில்லை. வண்டி போன பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.